பிரகாஷ் எழுதாத பதில்கள்

தூத்துக்குடி மட்டக்கடையில் ஒரு பெயிண்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் திரேஸ்புரத்து மீன்வாடை வரும், மூடினால் வேர்த்து ஊற்றும். உள்ளே நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஏசி, முதலாளி சிவப்பிரகாஷின் கண்ணாடி அறைக்குள் மட்டும்.

இந்துமதி அங்கே மூன்று வருஷமாக வேலை பார்த்தாள். பி.காம். படித்தவள். ஆத்தூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பால்துரையின் மகள். கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கும் விஜயராஜுக்கு. விஜயராஜின் அக்கா பிரேமாவைக் கட்டியவன் சிவப்பிரகாஷ். அந்த உறவில்தான் வேலை கிடைத்தது. அந்த உறவில்தான் வாயையும் மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

வேலை இதுதான். எஸ்தோனியாவில் ஒரு கம்பெனி, சின்னக் கடைகளுக்குச் சரக்கு இருப்புப் பார்க்கிற சாஃப்ட்வேர் விற்றது. வாங்கிய கடைக்காரர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். அவர்களுக்கு வருகிற சந்தேகங்களுக்கு மெயிலில் பதில் எழுத வேண்டும். எழுதி முடித்து, அடியில் ‘பிரகாஷ்’ என்று போட வேண்டும். நான்கு பெண்களும் பிரகாஷ்தான்.

சேர்ந்த புதிதில் இந்துமதி ஒரு தடவை கேட்டாள். “ஏன் அண்ணே, எங்க பேரையே போட்டா என்ன?”

“கம்பெனி ரூல்ஸும்மா. வீட்டுல இருக்க பொம்பளையளுக்கெல்லாம் வெளிநாட்டுக்காரன் நேரா வேலை குடுப்பானா? ஏஜென்சிக்குத்தான் குடுப்பான். ஏஜென்சி பேரு பிரகாஷ். அம்புட்டுத்தான்.”

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அப்போது காரணம் எதுவும் இல்லை.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. பிறந்து வளர்ந்ததே கடைக்குள்தான். எந்த ஊர்க் கடைக்காரனாக இருந்தாலும் அவன் கவலை அவளுக்குப் புரிந்தது. சிலி நாட்டில் மார்த்தா என்று ஒரு பேக்கரிக்காரி, மாவு தீர்ந்துபோனது தெரியாமல் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முழித்த கதையை ஒருநாள் எழுதியிருந்தாள். அதற்கு இந்துமதி தன் அப்பாவைப் பற்றி எழுதினாள். ‘எங்கள் அப்பா ஒரு சரக்கு தீரப்போகிறது என்றால் அதன் டப்பாவை அலமாரியில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எத்தனை டப்பா கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது சின்ன வயதில் என் வேலை. இந்த சாஃப்ட்வேரில் அந்த டப்பாவை எங்கே கவிழ்ப்பது என்று காட்டுகிறேன், வாருங்கள்.’ மார்த்தா அதைப் படித்துவிட்டு அழுதுவிட்டதாகப் பதில் போட்டாள். அடியில் இருந்த பெயர், பிரகாஷ்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அதே மார்த்தா எழுதினாள். ‘பிரகாஷ், கம்பெனி வலைப்பக்கத்தில் உங்கள் படத்தைப் பார்த்தேன். இவ்வளவு இளமையானவர் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் கடையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது அருமை. வாழ்த்துகள்.’ கீழே அந்தப் பக்கத்தின் லிங்க்.

இந்துமதி அதைத் திறந்தாள்.

சிவப்பிரகாஷ் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் துறைமுகக் கடற்கரை. ‘வாடிக்கையாளர்களின் அன்பைப் பெற்ற எங்கள் பிரகாஷ்’ என்று தலைப்பு. கீழே அவன் சொன்னதாக: ‘என் அப்பா ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கவிழ்த்து வைத்த டப்பாக்களை எண்ணி வளர்ந்தவன் நான்.’ இது போதாதென்று, இருப்புக் குறையும் சரக்குக்கு இனிமேல் கவிழ்ந்த டப்பாப் படம் திரையில் வரும், அந்த யோசனை பிரகாஷுடையது என்றும் போட்டிருந்தது.

சிவப்பிரகாஷின் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை வாசலில் நின்று மிட்டாய் வாங்கியதைத் தவிர அவனுக்கும் கடைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்துமதிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பக்கத்தைக் கீழே தள்ளினாள். அடியில் ஒரு வரி: ‘எங்கள் ஆட்கள் பல நாடுகளில் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.’

அவள் அதைத் திரும்பவும் படித்தாள். ஏஜென்சி என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. பிரகாஷும் ஏஜென்சி இல்லை, அவர்களுக்கு அவன் ஒரு ஆள். நான்கு பெண்களின் வேலையை ஒருவனாகச் செய்கிற அபூர்வமான ஆள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

“அண்ணே, ஒங்க அப்பா எந்த ஊர்ல கடை வச்சிருந்தாவ?”

சிவப்பிரகாஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. சிரித்தான். “ஓ, அதப் பாத்தியா. அது சும்மா ஒரு இதுக்குப் போட்டதும்மா. கம்பெனிக்காரன் எதாவது சொல்லுங்கன்னு கேட்டான். ஒன் மெயில் ஞாபகத்துக்கு வந்துச்சு.”

“எங்க அப்பாவை ஞாபகத்துக்கு வந்துச்சுன்னு எடுத்துப் போட்டுட்டீயளா?”

“யார் அப்பாவா இருந்தா என்ன? சிலியில இருக்கவ ஆத்தூருக்கு வந்து பாக்கவா போறா?”

“நேரா வேலை குடுக்கமாட்டான்னு சொன்னீயள்லா. எந்த ஊர்ல இருந்தாலும் வாங்கன்னுலா போட்டிருக்கான்!”

அவன் சிரிப்பு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்ற மூன்று பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஏளா, போட்டிருப்பான். போட்டா ஒனக்குக் கிடைச்சிருமா? வெள்ளைக்காரி முன்னால வீடியோவுல உக்காந்து ஒன்னால பேச முடியுமா? இங்கன உக்காந்து தட்டுதது வேற, அங்கன பேசுதது வேற. போ, போய் வேலையப் பாரு.”

மூன்று வருஷமாக ‘ம்மா’ போட்டுக் கூப்பிட்டவன் வாயில் முதல் தடவையாக ‘ஏளா’ வந்தது. இந்துமதி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கூட வேலை பார்க்கிற இசக்கிச்செல்வி பின்னாலேயே ஓடிவந்து, “என்னளா ஆச்சு? எங்க போற?” என்று கேட்டாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், வயல்காரர் வீட்டுப் பெண். இந்துமதிக்கு நல்ல சிநேகம். ஆனால் இந்துமதி நிற்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

வீட்டில் விஜயராஜ் யார்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, “அத்தான் செஞ்சது தப்புதான்” என்றான். அவள் மனசு லேசாக இளகியபோது, “ஆனா அக்கா வீடு. பெருசாக்காத. நானே ஒருநா பக்குவமாச் சொல்லுதேன்” என்றான்.

“என்ன சொல்லுவீய?”

“சொல்லுவேன்.”

“என்னன்னு சொல்லுவீய? இப்பச் சொல்லுங்க, கேப்போம். எங்க மாமனாரை எம் பொண்டாட்டிக்கே திருப்பிக் குடுங்கன்னு சொல்லுவீயளா?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆறு வயது மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இந்துமதி ஆபீசுக்குப் போகவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். எஸ்தோனியாக் கம்பெனிக்குத் தன் சொந்தப் பெயரில் விண்ணப்பம் போட்டாள். அதோடு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எவனெவன் விளம்பரம் போட்டிருந்தானோ அத்தனை பேருக்கும் போட்டாள்.

அங்கேதான் உலகம் எப்படி என்று தெரிந்தது. ‘ரிமோட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். உள்ளே போனால் அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ‘உலகத்தில் எங்கிருந்தும்’ என்று எழுதியிருப்பான். நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற இடத்தில் இந்தியாவே இருக்காது. ஒருவன் வேலை உறுதி, முதலில் பயிற்சிக் கட்டணம் கட்டு என்றான். இன்னொருவன் பரீட்சை என்று சொல்லி ஒரு முழுக் கையேட்டை எழுதி வாங்கிக்கொண்டு காணாமல் போனான். ஒவ்வொரு தடவையும் அவள் லேப்டாப்பை ஓங்கி மூடினாள். பிறகு திரும்பத் திறந்தாள். போகப்போக, விண்ணப்பம் போடுமுன்பே அந்தக் கம்பெனியில் இந்தியாவிலிருந்து வேலை செய்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். இருந்தால் அவருக்கே எழுதி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். சிலர் பதில் போட்டார்கள். முன்பின் அறியாத மனுஷர்கள் போட்ட அந்தப் பதில்களில் இருந்த மரியாதை, சொந்த நாத்தனார் புருஷனிடம் இல்லை.

எஸ்தோனியாவிலிருந்து கூப்பிட்டார்கள். எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். மூன்று கடைக்காரர்களின் புகாருக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். அவள் எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினாள். அடுத்த வாரம் வீடியோவில் பேச வேண்டும் என்றார்கள்.

அன்றைக்கு முகம் கழுவி, பச்சைச் சேலை உடுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். தெருவில் உப்பு லாரி போனால் வீடு அதிரும். அது ஒன்றுதான் பயம். திரையில் மார்கிட் என்கிற நடுவயதுப் பெண் வந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், நல்ல சிரிப்பு. இந்துமதிக்கு ஆங்கிலம் தடுக்கவே இல்லை. கடையைப் பற்றிப் பேச அவளுக்கு எந்தப் பாஷையும் தடுக்காது.

கடைசியில் மார்கிட் கொஞ்சம் தயங்கினாள். “உங்கள் பதில்கள் மிக நன்றாக இருக்கின்றன. ஒரு விஷயம் கேட்க வேண்டும். தவறாக நினைக்கக் கூடாது. எங்களிடம் பிரகாஷ் என்று ஒருவர் இருக்கிறார், உங்கள் ஊர்தான். உங்கள் எழுத்து அவர் எழுத்து மாதிரியே இருக்கிறது. சில வரிகள் அப்படியே அவருடையவை. அவர் உங்களுக்கு உதவி செய்தாரா? அல்லது அவருடைய பதில்களை வைத்துக்கொண்டு எழுதினீர்களா?”

இந்துமதியின் எழுத்தை வைத்தே அவளைத் திருடி என்கிறார்கள். அதையும் நாகரிகமாகச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தது எல்லாம் பறந்துபோனது.

“அவர் எனக்கு உதவி செய்யவில்லை. மூன்று வருஷமாக நான்தான் அவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் இல்லை, நாங்கள் நான்கு பெண்கள். உங்கள் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கிற அப்பா என்னுடைய அப்பா. உயிரோடு இருக்கிறார். இந்த நிமிஷம் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார். நம்பாவிட்டால் உங்கள் பிரகாஷைக் கூப்பிட்டு உங்கள் கண் முன்னால் ஒரே ஒரு மெயிலுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்.”

மார்கிட்டின் சிரிப்பு போய்விட்டது. “இது பெரிய குற்றச்சாட்டு” என்றாள்.

“ஆமாம். பெரிய குற்றம்” என்றாள் இந்துமதி.

அந்த வாரமே சிவப்பிரகாஷைக் கூப்பிட்டார்கள். தங்கள் கண் முன்னால் அவனையே ஒரு பதில் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் சட்டை நனைய உட்கார்ந்திருந்தான் என்றும், கரண்டு போய்விட்டது என்று நடுவில் லைனைத் துண்டித்தான் என்றும், அன்றைக்குக் கரண்டு போகவே இல்லை என்றும் இசக்கிச்செல்வி பிறகு சொன்னாள். கம்பெனி அவன் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பெயிண்டுக் கடை மாடிக்குப் பூட்டு விழுந்தது.

இந்துமதிக்கும் மெயில் வந்தது. அவளுடைய திறமையை மதிக்கிறார்களாம். ஆனால் இன்னொருவர் பெயரில் உள்ளே புகுந்து வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கையாண்டது அவர்கள் விதிகளுக்கு விரோதமாம். ஆகவே அவளை எடுக்க முடியாதாம். அவளுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துகளாம்.

அதை அவள் படித்து முடிக்கும்போது வாசலில் பிரேமா வந்து நின்றாள்.

“நல்லா இருப்பியாளா நீ? ஒரு மனுசன் கஷ்டப்பட்டு வச்ச தொழிலை நாசமாக்கிட்டியே! வேலை வாங்கிக் குடுத்த நன்றி இருக்கா ஒனக்கு?”

“யாரு மைனி கஷ்டப்பட்டது? ஏசி ரூமுல உக்காந்தா கஷ்டமா?”

“எதுத்தா பேசுத? ஏலே விஜி, கேக்குதியாலே ஒன் பொண்டாட்டி பேச்சை?”

விஜயராஜ் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றான். “அக்கா, உள்ள வந்து பேசு” என்றான். பிரேமா தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மறுநாள் இசக்கிச்செல்வி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

“ஒங் கோவம் நியாயந்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க மூணு பேர்ட்ட ஒரு வார்த்தை சொன்னியாளா? நாளைக்கு இப்படி ஆகும்னு சொல்லியிருந்தா நாங்களும் வேற எங்கனயாவது பாத்திருப்பம்லா. நீ மட்டும் மனு போட்டே, நீ மட்டும் பேசுனே. எங்க வேலை போனப்புறந்தான் நாலு பொம்பளையன்னு எங்களையும் சேத்துச் சொன்னது தெரியுது.”

இந்துமதி வாயைத் திறந்தாள். பிரேமாவுக்குச் சொல்ல அவளிடம் நூறு பதில் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது, இப்போது அது யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

“உக்காரு” என்றாள்.

“உக்கார வரல நான்.”

“உக்காருளா. நான் இப்ப அவனுவளுக்கு ஒரு மெயில் எழுதப் போறேன். நீ பக்கத்துல இருந்து படி. ஒனக்குச் சரின்னு பட்டா அனுப்புவோம்.”

அந்த மெயிலில் அவள் தன்மையாக எழுதவில்லை. ‘மூன்று வருஷம் எங்கள் பதில்களை வைத்து நீங்கள் சாஃப்ட்வேர் விற்றீர்கள். ஒரே மனிதன் எப்படி இவ்வளவு பதில் எழுதுகிறான் என்று ஒருநாளும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. வராமல் இருப்பது உங்களுக்கு வசதியாக இருந்தது. எங்களை நேராக எடுக்கமாட்டீர்கள் என்று அவன் சொன்னான். நாங்கள் அதை நம்பினோம். இப்போது நீங்களும் அதையே செய்கிறீர்கள். என் அப்பாவை உங்கள் பக்கத்திலிருந்து உடனே எடுங்கள். நாங்கள் நான்கு பேரும் செய்த வேலைக்கு எங்கள் பெயர் போட்டுச் சான்று கொடுங்கள். இது நாங்கள் கெஞ்சுகிற கெஞ்சல் இல்லை.’

நான்கு பெயரும் அடியில் வந்தன. இசக்கிச்செல்வி படித்துவிட்டு, “‘வசதியா இருந்துச்சு’ன்னு போட்டது நல்லாருக்கு” என்றாள். அதன்பிறகுதான் உட்கார்ந்தாள்.

பதில் வரத் தாமதமானது. திரும்பத் திரும்ப எழுதிக் குடைந்தார்கள். ஒருநாள் சிவப்பிரகாஷின் படமும் அப்பாவின் கதையும் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போயின. பிறகு மார்கிட், கம்பெனி பெயரில் இல்லாமல் தன் சொந்தப் பெயரில், நான்கு பேருக்கும் நான்கு சான்று எழுதி அனுப்பினாள். மன்னிப்பு என்ற சொல் எதிலும் இல்லை. கவிழ்ந்த டப்பாப் படத்தை மட்டும் அவர்கள் எடுக்கவே இல்லை; சாஃப்ட்வேரில் அது அப்படியே இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் இந்துமதிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பால்துரையிடம் சொன்னபோது அவர், “போட்டுட்டுப் போறான் விடு மக்கா, நல்லதுதான” என்றார். அவளால் அப்படி விட முடியவில்லை.

அந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு நான்கு பேரும் சேர்ந்து தேடினார்கள். எந்தக் கம்பெனி நிஜமாகவே இந்தியாவிலிருந்து எடுக்கிறது, எது ஏமாற்று என்று இந்துமதி அறிந்ததை எல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னாள். இந்துமதி வீட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகினார்கள். ஒருத்திக்கு உளறல் வந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். முதலில் வேலை கிடைத்தது இசக்கிச்செல்விக்குத்தான், மலேசியாவில் ஒரு ஹோட்டல் புக்கிங் கம்பெனியில். போனில் அவள் கத்திய கத்தலைக் கேட்டு இந்துமதி சந்தோஷப்பட்டாள். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதாள். அது சந்தோஷத்தால் இல்லை. அதற்கப்புறமும் பல இடத்தில் இல்லை இல்லை என்று கேட்டு, மழைக்காலம் வந்த பிறகுதான் அவளுக்கு அயர்லாந்தில் பள்ளிக்கூடங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. மற்ற இருவரில் ஒருத்தி கணவனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். இன்னொருத்தி இன்னும் தேடுகிறாள்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம் பிரேமாவும் சிவப்பிரகாஷும் வீட்டுக்கு வந்தார்கள். விஜயராஜ்தான் கூப்பிட்டிருந்தான். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிவப்பிரகாஷ் இளைத்திருந்தான். விஜயராஜ் ஓடி ஓடி டீ போட்டான், மிக்சர் வைத்தான். பிரேமா முறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் வெள்ளம் வந்த தெருக்களைப் பற்றியும் பேசினார்கள்.

பிறகு சிவப்பிரகாஷ் தொண்டையைக் கனைத்தான். “ஒங்க கம்பெனியில ஆள் எடுக்காவளாம்லா. நீ ஒரு வார்த்தை சொன்னா…”

இந்துமதி விஜயராஜைப் பார்த்தாள். அவன் டீ டம்ளரைப் பார்த்தான்.

“எடுக்காவ அண்ணே. யாரு வேணாலும் மனு போடலாம். எழுத்துப் பரீட்சை வைப்பாவ. கேமராவைப் போட்டுக்கிட்டுத் தனியா உக்காந்து எழுதணும். ஒங்களுக்கு முடியுமா?”

அவன் முகம் கறுத்துவிட்டது. பிரேமா டம்ளரை ஓசைப்பட வைத்துவிட்டு எழுந்தாள். “வாங்க போவோம். இதுக்குத்தான் நான் வர மாட்டேன்னு சொன்னேன்.”

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு விஜயராஜ் உள்ளே வந்தான். “வந்த எடத்துல கொஞ்சம் நல்லவிதமாப் பேசியிருக்கலாம்லா.”

“நல்லவிதமாத்தான் பேசுனேன். இன்னொரு தடவை என்னைக் கேக்காம அவுகளைக் கூட்டிட்டு வாங்க, மத்தவிதமாப் பேசுததையும் கேக்கலாம்.”

அவன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தான். இந்துமதி உள் அறைக்குப் போனாள். டப்ளினில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வருகைப் பதிவு திறக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தாள். இந்துமதி ஹெட்போனை எடுத்து மாட்டினாள். ‘வணக்கம், நான் இந்துமதி’ என்று தட்டத் தொடங்கினாள்.